தாத்தா காரில் ஒரு கொடைக்கானல்!

உங்க வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய் போர்த்திக்கிட்டு ஓர் அம்பாசிடர் தூங்குதா? தாத்தா வாங்கினது, அப்பா ஓட்டினது, இப்ப பூனை குட்டி போடுறதுக்கு மட்டும் உபயோகப்படுதுன்னு ஒரு நிலைமையா? அதை எழுப்பி, கழுவி, ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரை ஏத்திக்கிட்டு கொடைக்கானல் போகணும்னு ஓர் ஆசை உங்க மனசுல ஓடுதுன்னா, இந்த வாரம் உங்களுக்குத்தான்.

ஆசையைச் சொன்னதும் ஒர்க்‌ஷாப்பில் என்ன பதில் வரும்னு சொல்லட்டுமா? "தம்பி, இந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வெச்சுக்குவோம். வெளிய பார்க்க அம்பாசிடர், உள்ள புது வண்டி!" கேட்க ஜோராத்தான் இருக்கும். தலையாட்டிடாதீங்க. காரணம் இருக்கு.

முதல்ல அந்த இன்ஜின் யாருன்னு தெரிஞ்சுக்குங்க. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸை வைத்து, கொல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டிதான் அம்பாசிடர். 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 வரை வெளிவந்தது. 1959-ல் அதற்கு வந்த 1489 சி.சி. இன்ஜின், பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் குடும்பம். அதே குடும்பத்து இன்ஜினை, அதே 1489 சி.சி.யில்தான் 1955-ல் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வெச்சாங்க. ஆக, கல்யாண வீட்டு வாசலில் நின்ன உங்க தாத்தா கார், ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒண்ணுவிட்ட தம்பி! இதைத் தூக்கிப் போடுறதாவது?

உணர்ச்சியை விடுங்க, சட்டத்துக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டு வந்தது. 50 வருஷம் தாண்டின வண்டி, ஒரிஜினல் வடிவத்திலேயே பராமரிக்கப்படணும். சேஸிஸ், பாடி, இன்ஜின் இதில் பெரிசா எதையும் மாத்தியிருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனா அந்தப் பதிவு வாங்கினா கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான் ஓட்டலாம். தினமும் காலேஜுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. ஊர் சுத்த ஆசைப்பட்டா சாதாரணப் பதிவையே எஃப்.சி. காட்டிப் புதுப்பிச்சுக்கிட்டே வர்றது நல்லது. எந்த வழியா இருந்தாலும், இன்ஜினை மாத்தினீங்கன்னா ஆர்.டி.ஓ. அனுமதி, ஆர்.சி.யில் பதிவு எல்லாம் வேணும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கறாரா சொல்லியாச்சு. இன்னைக்கு ஆசைக்கு வேற இன்ஜின் வெச்சா, வண்டி 50 வயசைத் தொடுற அன்னைக்கு 'வின்டேஜ்' பட்டம் கிடைக்காது.

அப்ப அப்படியே ஓட்டிட வேண்டியதுதானா? அதுவும் இல்லை. அப்படியே ஓட்டினா டம்டம் பாறை தாண்டுறதுக்குள்ள பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நிப்பீங்க. உலகம் முழுக்கப் பழைய கார் பைத்தியங்கள் (நல்ல அர்த்தத்தில்தான்!) கடைப்பிடிக்கிற ஒரு வழி இருக்கு. வெளியில் தெரியாம மாத்து. மாத்தினதைத் திரும்பக் கழட்டி, பழசை மாட்டுற மாதிரி மாத்து. கழட்டின பழசைத் தூக்கிப் போடாம ஒரு டப்பாவில் போட்டு வை. எந்தத் துளையும் புதுசா போடாம, எதையும் வெட்டாம செய்யற வேலை. இதை அளவுகோலா வெச்சுக்கிட்டா, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுங்கிற குழப்பம் பாதி தீர்ந்துடும்.

சரி, மலை என்ன கேட்குது? அதைப் பார்க்கலாம்.

வத்தலக்குண்டு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 320 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ரயில் 1875-லேயே அடிவாரத்துப் பக்கம் வந்துடுச்சு, ஆனா அதுக்கப்புறம் பல வருஷம் வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் பக்கத்துக் குதிரைப் பாதையில், நடந்தும், குதிரையிலும், ஆள் தூக்கும் நாற்காலியிலும்தான் மேலே போனாங்க. 1910-களில் மேஜர் லா போட்ட ரோடு வந்த பிறகுதான் மோட்டார் வண்டி ஏறியது. இன்னைக்கும் நாம ஏறுறது அந்த வழியில்தான்.

மேலே போகப் போக காற்று மெலியுது. கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருக்கிறதில் ஐந்தில் நாலு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. காற்று குறைஞ்சா இன்ஜினின் மூச்சும் குறையும். 55 குதிரை சக்தி இன்ஜின் மேலே போய்ச் சேரும்போது ஏறக்குறைய 43 ஆகிடும். ஒரு டன்னுக்கு மேல எடை உள்ள வண்டி, உள்ளே அஞ்சு பேர், டிக்கியில் பேக், இதையெல்லாம் ஓர் ஆல்டோவைவிடக் கொஞ்சம் கம்மியான சக்தி இழுக்கணும். ஸோ, வண்டி இழுக்கலைன்னு பதறாதீங்க. அது கோளாறு இல்லை, பூகோளம்!

கோளாறு வேற இடத்தில் வரும். இப்போதைய கார்களில் கம்ப்யூட்டர் காற்றை அளந்து பெட்ரோலைக் குறைச்சுக்கும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காற்று குறைஞ்சாலும் கிட்டத்தட்டப் பழைய அளவிலேயே பெட்ரோலை ஊத்தும். கறுப்புப் புகை, பெட்ரோல் வாசனை, பிளக்கில் கரி. மேலேயே குடியிருக்கிற வண்டின்னா ஜெட்டை மாத்தலாம். ரெண்டு நாள் டூருக்கு அதெல்லாம் வேண்டாம். ஜெட்டைக் குறைச்சுட்டு மறந்துபோய் அப்படியே மதுரை வெயிலுக்கு இறங்கினா, பெட்ரோல் பத்தாம இன்ஜின் சூடாகி வால்வு கருகும். ஐடிலிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, இறங்கினதும் பழைய இடத்துக்குக் கொண்டு வந்துடுங்க. போதும்.

இப்ப ஒரு சின்ன ஆச்சரியம். நம்ம பங்க்கில் இப்ப கிடைக்கிறது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்தா கலவை கொஞ்சம் மெலியும். மலை மேலே அது கார்பரேட்டரின் தாராளத்தைக் கொஞ்சம் சரிக்கட்டிடுது! ஆனா சந்தோஷப்படாதீங்க. அதே எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் கார்க்கையும் அரிக்கும். மாசக்கணக்கா வண்டி நின்னா ஈரத்தை இழுத்து டேங்க்கின் அடியில் துருவைக் கிளப்பும். அதனால் டேங்க்கில் இருந்து கார்பரேட்டர் வரைக்கும் எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் ரகமா மாத்துறதுதான் முதல் வேலை. சூடான இன்ஜின் மேல பெட்ரோல் சொட்டினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொண்ணு, ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் வருஷத்தோடு இந்தியாவில் நின்னு போச்சு. அந்த ஈயம்தான் பழைய இன்ஜினின் வால்வு சீட்டைத் தேயாம காப்பாத்திக்கிட்டு இருந்தது. அடுத்த தடவை ஹெட்டைக் கழட்டும்போது கடினமான வால்வு சீட் போடச் சொல்லுங்க. அதுக்காகவே ஹெட்டைக் கழட்ட வேண்டாம்.

அடுத்து, சூடு. இதுதான் மெயின் மேட்டர்!

1965-ல் ஓர் அம்பாசிடர் கொடைக்கானல் ஏறினப்போ ரோட்டில் எத்தனை வண்டி இருந்திருக்கும்? மெதுவாப் போனாலும் போய்க்கிட்டே இருக்கும். ஃபேனும் காற்றும் ரேடியேட்டரைப் பார்த்துக்கும். இன்னைக்கு? 2024 மே 7-ல் இருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் இருந்தால்தான் போக முடியும். அந்த அளவுக்குக் கூட்டம். வெள்ளி நீர்வீழ்ச்சிகிட்ட எல்லாரும் வண்டியை ஓரம் கட்டி செல்ஃபி எடுக்க, பின்னாடி பெருமாள்மலை வரைக்கும் வரிசை நிற்கும். ஏற்றத்தில், முதல் கியரில், அரை அடி அரை அடியா நகர்றதுக்காக இந்த வண்டியை யாரும் டிசைன் பண்ணலை. பழைய கார் மோசமாகிடலை பாஸ், ரோடு மாறிடுச்சு.

இங்கே பலரும் கண்டுக்காத ஒரு ஹீரோ இருக்கார். ரேடியேட்டர் மூடி! 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணி 100 டிகிரியில் கொதிக்காது. 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். ஆனா 7 பவுண்டு அழுத்தம் பிடிக்கிற மூடி சரியா இருந்தா, அதே உயரத்தில் கொதிநிலை 105-ஐத் தாண்டும். மூடியின் உள்ளே இருக்கிற ஒரு ரப்பர் வாஷர் காய்ஞ்சு போயிருந்தா இந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரி காலி. ஆயிரக்கணக்கில் செலவு பண்ணி ரேடியேட்டரை மாத்துறதுக்கு முன்னாடி மூடியை மாத்திப் பாருங்க. கூலன்ட் ஊத்தினா இன்னும் கொஞ்சம் கூடும், துருவும் பிடிக்காது. பச்சைத் தண்ணி ஊத்துற பழக்கத்தை விடுங்க.

அப்புறம் ரேடியேட்டரின் வெளித்தொட்டியை அப்படியே வெச்சு, உள்ளே கோர் மட்டும் புதுசா போடுறது. பார்க்கிறதுக்குப் பழசு, வேலை புதுசு. அதுக்குப் பின்னாடி ஓர் எலெக்ட்ரிக் ஃபேன், முன்பக்க கிரில்லில் இருந்து தெரியாத மாதிரி. வரிசையில் நிற்கும்போது இன்ஜின் மெதுவா சுத்தினாலும் இந்த ஃபேன் முழு வேகத்தில் சுத்தும்.

இங்கேதான் ஒரு கொக்கி. எலெக்ட்ரிக் ஃபேனுக்குக் கரண்ட் யார் தருவா? பழைய வண்டியில் இருக்கிறது டைனமோ. அது இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது கிட்டத்தட்ட ஒண்ணுமே தராது. மலையில் சாயங்காலம் மேகம் இறங்கி ஹெட்லைட் போட்டு, வைப்பர் போட்டு, ஃபேனும் சுத்தினா பேட்டரி மட்டும் எவ்வளவு நேரம் தாங்கும்? ஃபேன் போட்ட பெருமையில் போய், வரிசை நடுவில் செல்ஃப் அடிக்காம நிப்பீங்க. அதனால ஆல்டர்னேட்டர் முதல்ல, ஃபேன் அப்புறம். அம்பாசிடரின் பிந்தைய மாடல்களில் ஆல்டர்னேட்டர்தான் வந்தது, கிடைக்கிறது கஷ்டம் இல்லை. தோற்றமும் மாறக் கூடாதுன்னு அடம் பிடிக்கிறவங்களுக்காக, டைனமோ மாதிரியே உருளையா, உள்ளே ஆல்டர்னேட்டரா இருக்கிற சரக்கு இங்கிலாந்தில் விக்குது. விலையைக் கேட்டா தலை சுத்தும். எனக்கு அது அவசியமாப் படலை. பானெட்டைத் திறந்து பார்த்து மார்க் போட யார் வரப் போறா?

ஆல்டர்னேட்டர் மாட்டும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு பாருங்க. அந்தக் காலத்து பிரிட்டிஷ் டிசைன் வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த். அப்படியே ஆல்டர்னேட்டரை மாட்டினா அடுத்த நொடி டயோடு அவுட். நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கையில் கொடுங்க. அப்படியே ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே மறைச்சு வைக்கச் சொல்லுங்க. டாஷ்போர்டில் இருக்கிற அந்த அழகான பழைய சுவிட்ச் உருகாம இருக்கும், வெளிச்சமும் ஒரு மடங்கு தூக்கலாத் தெரியும்.

டெல்கோவுக்குள்ளே இருக்கிற பாயிண்ட்டும் கண்டென்சரும் அடுத்த தலைவலி. வழியில் நின்னு போற பழைய வண்டிகளில் எத்தனையோ இந்தக் கண்டென்சரால்தான் நிற்குது. அதுக்குப் பதிலா டெல்கோ மூடிக்குள்ளேயே அடங்கிற எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் இருக்கு. மூடியை மூடிட்டா கடவுளுக்கே தெரியாது. கழட்டின பாயிண்ட் செட்டை டிக்கியில் போட்டு வைங்க. கிட் போச்சுன்னா நாலு ஸ்க்ரூவில் பழசை மாட்டி வீடு வந்து சேரலாம். இதைத்தான் திரும்ப மாத்துற மாதிரி மாத்துறதுன்னு சொன்னேன்.

ஊத்து பக்கத்தில் வண்டி திடீர்னு தும்மி நின்னா? பெட்ரோல் இருக்கு, ஸ்பார்க் இருக்கு, ஆனா ஸ்டார்ட் ஆகலை. இன்ஜின் பக்கத்தில் ஒட்டிக்கிட்டு இருக்கிற பெட்ரோல் பம்ப்பில், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிடுச்சு. பழைய மலை டிரைவர்கள் பம்ப் மேல ஈரத் துணியைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. டீ முடியும்போது வண்டி ரெடி. இன்னைக்கும் அது வேலை செய்யும். நிரந்தரமா தீர்க்கணும்னா பின்னாடி டேங்க் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாம ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்ப். விபத்து நடந்தா தானா நின்னு போற சுவிட்ச் இல்லாம அதைப் போடவே போடாதீங்க.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ஏறுறதுக்கு. இதில் எது தப்பினாலும் ரோட்டோரம் நிப்பீங்க, அவ்வளவுதான். இறங்குறது வேற கதை. அங்கே தப்பினா...

ஒரு கணக்குப் போடுவோம். ஆளும் மூட்டையுமா ஒன்றரை டன் வண்டி, கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு வரை சுமார் 1,800 மீட்டர் இறங்குது. அந்த இறக்கத்தின் சக்தி எங்கேயாவது வெளியே போகணும். அதை அப்படியே சூடாக மாத்தினா, 80 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்துடலாம். நாலு பெரிய பால் கேன் நிறைய! அத்தனையும் பிரேக் வழியாப் போகணும்னு நினைச்சா நாலு சின்ன இரும்பு டிரம் என்ன ஆகும்? டிரம் சூட்டில் விரியும், லைனிங் வழுக்கும், பெடல் கீழே கீழே போகும். பிரேக் ஆயில் பழசா இருந்தா நிலைமை இன்னும் மோசம். அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற சரக்கு. புது டாட்-3 ஆயில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினதுக்கு 140 டிகிரிதான் கணக்கு. ஆயில் கொதிச்சா குழாயில் குமிழி. குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. கால் தரையைத் தொடும்.

அதனால் காசு கையில் கொஞ்சம்தான் இருக்குன்னா, பெயின்ட், பாலிஷ், சீட் கவர் எல்லாத்தையும் ஒத்திப் போட்டுட்டு முதல்ல இங்கே கொட்டுங்க. வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், லைனிங், புது டாட்-4 ஆயில். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்துறது கட்டாயம். பழைய வண்டிகளில் பிரேக் ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு வீலும் சேர்ந்து கைவிரிச்சிடும். பிந்தைய மாடல்களின் டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் மாட்டினா, முன்னாடி போனாலும் பின்னாடி பிடிக்கும். முன் வீலுக்கு டிஸ்க் போடுறவங்களும் இருக்காங்க. மேல பழைய வீல் கப்பை மாட்டிட்டா வெளியே தெரியாது. அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுட்டுச் செய்யுங்க.

எவ்வளவு மாத்தினாலும், ஓட்டுறது நீங்க. ஏறுறப்ப எந்த கியரோ, இறங்குறப்பவும் அதே கியர். செகண்ட்டில் ஏறின வளைவில் செகண்ட்டிலேயே இறங்குங்க; இன்ஜின் பிடிச்சுக்கும். பிரேக்கை ஒரேயடியா மிதிச்சுக்கிட்டே வராம, அழுத்தி, விட்டு, ஆற விடுங்க. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல் போட்டு, சாவியைத் திருப்பி, சத்தமில்லாம இறக்குற ஒரு சாகச கோஷ்டி உங்க கேங்கிலேயே இருக்கும். அவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீங்க. எவ்வளவு உயிர் நண்பனா இருந்தாலும் சரி.

வாய்ப்பு கிடைச்சா கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் இருக்கிற ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. எது அசலா இருக்கணும், எது மாறினா கண்ணை உறுத்தும்னு ஒரு மணி நேரத்தில் புரிஞ்சிடும்.

இறங்கி காட்ரோடு வந்ததும் வண்டியை ஓரமா நிறுத்துங்க. நாலு வீல் பக்கத்திலும் உள்ளங்கையைக் கொண்டு போங்க, தொட வேண்டாம். நாலும் ஒரே மாதிரி அனலடிச்சா சரி. ஒண்ணு மட்டும் தனியா தகதகன்னு இருந்தா, அங்கே வீல் சிலிண்டர் இறுகிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஒண்ணு மட்டும் சில்லுனு இருந்தா, அந்த வீல் பிரேக் இத்தனை நேரமும் வேலையே செய்யலை. ரெண்டில் எதுவா இருந்தாலும், நல்லா ஆற விட்டு, பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் அந்த வீலைக் கழட்டிப் பார்த்துட்டு ஊருக்குக் கிளம்புங்க.